பார்த்தது போதும், வாய்விட்டுச் சொல்லுங்கள்

குட்டி வீடியோக்கள் வழியாக அன்றாட ஆங்கிலம் கற்பது பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். ஆங்கிலத் தொடர்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறோம். ஒவ்வொன்றையும் அகராதியின் ஒலியில் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். காரணம் பின்னால் வருகிறது.

கேள்வி: ஆறு மாதமாகத் தினமும் முக்கால் மணி நேரம் ஆங்கிலம் கற்றுத்தரும் ஷார்ட்ஸும் ரீல்ஸும் பார்க்கிறேன். பார்க்கும்போது எல்லாம் புரிகிறது. யாராவது ஆங்கிலத்தில் பேச்சுக் கொடுத்தால் ஒரு வாக்கியம்கூட வாயில் வரவில்லை. ஏன்? – கல்லூரி மாணவி

பதில்: புரிந்துகொள்வது ஒரு வேலை, எடுத்துச் சொல்வது வேறு வேலை. திரையில் ‘ஐ ரான் அவுட் ஆஃப் டைம்’ என்று வரும்போது எழுத்து தெரிகிறது, பேசுபவரின் முகம் தெரிகிறது, கீழே தமிழ் அர்த்தமும் ஓடுகிறது. ‘இது தெரியும்’ என்று மனம் தலையாட்டினால் வேலை முடிந்தது. பேச வேண்டிய நேரத்தில் இவை எதுவும் துணைக்கு இருக்காது. ‘நேரம் போதவில்லை’ என்ற எண்ணம் மட்டும் இருக்கும். அதிலிருந்து ஐந்து சொற்களையும் நீங்களே தேடி எடுத்து, வரிசைப்படுத்தி, ஒலியாக்க வேண்டும். ஆறு மாதமாக நீங்கள் பழகியது முதல் வேலையை. இரண்டாவது வேலைக்குத் தனியாகப் பழக வேண்டும்.

ஒரு நிமிடத்துக்கு மேல் போகாத ஒரு வீடியோவை எடுத்துக்கொள்ளுங்கள். சொற்களைப் பட்டியல் போடும் வீடியோ வேண்டாம். இரண்டு பேர் ஏதாவது ஒரு சூழலில் பேசிக்கொள்வதாக இருக்கட்டும். முதலில் எழுத்தைப் பார்க்காமல் இரண்டு முறை கேளுங்கள். வரிகள் படத்தோடு ஒட்டியே வந்தால், அந்த இடத்தைத் துண்டுக் காகிதத்தால் மறையுங்கள். யார் யாரிடம் எதற்காகப் பேசுகிறார் என்று தமிழில் ஒரு வரி சொல்லிப் பாருங்கள். பிறகு ஆங்கில எழுத்தோடு ஒருமுறை பார்த்து, இந்த வாரம் உங்களுக்கே தேவைப்படக்கூடிய ஒரு தொடரை மட்டும் பொறுக்குங்கள்.

அதை ஓர் அட்டையில் எழுதும்போதுதான் பலர் தவறுகிறார்கள். முன்பக்கம் அகராதி அர்த்தத்தை எழுதாதீர்கள், சூழலை எழுதுங்கள்: ‘வேலை முடியவில்லை, காரணம் நேரம் போதாதது.’ பின்பக்கம் முழு ஆங்கில வாக்கியம். அடுத்து, வீடியோவில் அந்தத் தொடர் வருவதற்குச் சற்று முன் நிறுத்தி, நீங்கள் முதலில் வாய்விட்டுச் சொல்லுங்கள், பின்பு ஓடவிட்டு ஒப்பிடுங்கள். இப்படி ஐந்து முறை. கடைசியில் ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அதே அச்சில் சொந்தமாக மூன்று வாக்கியங்கள் அமையுங்கள்: ‘வீ ஆர் ரன்னிங் அவுட் ஆஃப் டைம்’, ‘தி பிரின்ட்டர் ஹேஸ் ரன் அவுட் ஆஃப் பேப்பர்’ என்பதுபோல. எல்லாம் சேர்ந்து பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகாது.

இந்த முறை கெடுவதற்குப் பெரும்பாலும் காரணம் கட்டைவிரல்தான். ஒரு வீடியோ முடிந்ததும் அது தானாக அடுத்ததைத் தள்ளிவிடும், முந்தையது மனதில் ஊறுவதற்கு முன்பே புதியது வந்து அதன்மேல் உட்கார்ந்துவிடும். ஷார்ட்ஸைத் தள்ளாமல் விட்டால் அதே வீடியோ மறுபடி மறுபடி ஓடும். கற்பவருக்கு அது நல்ல வசதி, பயன்படுத்திக்கொள்ளுங்கள். உங்கள் முக்கால் மணி நேரத்தில் பார்ப்பதற்குப் பத்து நிமிடம் போதும். மற்றதெல்லாம் வாய்க்குப் போகட்டும்.

கேள்வி: ‘தினமும் 20 புதிய சொற்கள்’ என்ற தொடர் வீடியோவைப் பின்பற்றுகிறேன். வார இறுதியில் முதல் நாள் படித்தது ஒன்றும் நினைவில் இல்லை. என் ஞாபகசக்தியில் குறையா? – விற்பனைப் பிரதிநிதி

பதில்: உங்களிடம் குறை இல்லை, இருபது என்ற எண்ணிக்கையில்தான் குறை. ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறோம் என்று அளந்து 1885-இல் வெளியிட்டார். மறதி முதல் சில மணி நேரத்தில்தான் செங்குத்தாக இறங்குகிறது, போகப் போக மெதுவாகிறது என்பது அவர் கண்டது. ஆகவே முதல் திரும்பிப்பார்த்தல் அன்றைக்கே நடக்க வேண்டும். அடுத்தது மறுநாள். அதன்பின் இடைவெளியை நீட்டிக்கொண்டே போகலாம்.

இதற்கு எளிய ஏற்பாடு அறிவியல் எழுத்தாளர் செபாஸ்டியன் லைட்னர் 1970-களில் பரப்பிய அட்டைப்பெட்டி முறை. ஒரு பெட்டியில் ஐந்து தடுப்புகள். முதல் தடுப்பு தினமும், இரண்டாவது இரண்டு நாளுக்கு ஒருமுறை, மூன்றாவது நான்கு நாளுக்கு, நான்காவது வாரத்துக்கு, ஐந்தாவது இரண்டு வாரத்துக்கு. சரியாகச் சொன்ன அட்டை அடுத்த தடுப்புக்குப் போகும். தவறினால், எந்தத் தடுப்பில் இருந்தாலும் முதல் தடுப்புக்கே திரும்பும். அன்கி போன்ற செயலிகள் இந்தக் கணக்கைத் தாமே பார்த்துக்கொள்கின்றன. தினம் ஐந்து புதிய அட்டை சேர்த்தால், ஒரு மாதத்தில் நாளொன்றுக்கு முப்பது நாற்பது பழைய அட்டைகள் வந்து நிற்கும். அது சமாளிக்கக்கூடியது. இருபது சேர்த்தால் நூற்றைத் தாண்டும், இரண்டாம் வாரமே கைவிடுவீர்கள். மூன்றிலிருந்து ஐந்து, அதுவும் தனிச் சொல்லாக இல்லாமல் தொடராக. இதுவே எங்கள் பரிந்துரை.

இன்னொன்று, இத்தகைய வீடியோக்கள் ஒத்த சொற்களை ஒரே மூச்சில் தருகின்றன. ‘பாரோ’ (இரவல் வாங்கு), ‘லெண்ட்’ (இரவல் கொடு) இரண்டையும் ஒரே நாளில் படித்தால் வாங்குவது எது, கொடுப்பது எது என்று கடைசிவரை முடிச்சு அவிழாது. முதல் வாரம் ‘கேன் ஐ பாரோ யுவர் பென்?’ மட்டும். அது கேட்காமலே வாயில் வரத் தொடங்கிய பிறகு ‘கேன் யூ லெண்ட் மீ யுவர் பென்?’

எந்தச் சொற்கள் என்பதையும் யோசியுங்கள். ஆங்கிலம் கற்பித்தல் வல்லுநர் மைக்கேல் வெஸ்ட் 1953-இல் வெளியிட்ட பொதுப் பயன்பாட்டுப் பட்டியலில் இருந்தவை சுமார் 2,000 சொற்கள். அன்றாடப் பேச்சின் பெரும்பகுதி இப்படிப்பட்ட எளிய சொற்களால்தான் ஓடுகிறது. ‘அட்வான்ஸ்டு வொக்காபுலரி’ என்று தலைப்பிட்ட வீடியோக்களை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். கெட், டேக், புட், லுக், ரன் இவற்றின் சேர்க்கைகளைப் பிடியுங்கள். தமிழில் ‘பார்’ என்பதும் ‘கொள்’ என்பதும் சேர்ந்து ‘பார்த்துக்கொள்’ ஆகும்போது, கண்ணால் காண்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை, பொறுப்பேற்பது என்று பொருள் மாறிவிடுகிறது. ஆங்கிலத்திலும் அதே கதைதான். ‘புட்’ என்றால் வை. ‘புட் ஆஃப்’ என்றால் தள்ளிப்போடு. ‘கால்’ என்றால் கூப்பிடு. ‘கால் ஆஃப்’ என்றால் ரத்து செய். ‘லுக் இன்டு’ என்றால் விசாரித்துப் பார். தனித்தனியாக அர்த்தம் தேடினால் கிடைக்காது, ஒரே சொல்லாகக் கருதி விழுங்க வேண்டியவை இவை.

கேள்வி: எழுத்தில் பார்த்தால் எல்லாம் தெரிந்த சொற்கள்தான். காதில் கேட்டால் ஒன்றும் பிடிபடவில்லை. அவர்கள் அவ்வளவு வேகமாகவா பேசுகிறார்கள்? – அலுவலகப் பணியாளர்

பதில்: வேகத்தைவிட, சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதுதான் உங்களைத் தடுமாறச் செய்கிறது. இது தமிழருக்குப் புதிதே அல்ல. ‘மரம் இல்லை’ என்பதை ‘மரமில்லை’ என்கிறோம். மெய்யில் முடியும் சொல்மேல் உயிரில் தொடங்கும் சொல் ஏறிக்கொள்கிறது. ‘பிக் இட் அப்’ மூன்று சொல்லாகக் காதில் விழாது, ‘பிக்கிடப்’ என்று ஒரே சொல்லாக விழும். ‘மணி அடித்தது’ என்பது ‘மணியடித்தது’ ஆகும்போது இரண்டு உயிர்களுக்கு நடுவே ‘ய்’ வருகிறது. ‘பூ அழகு’ என்பதில் ‘வ்’ வந்து ‘பூவழகு’ ஆகிறது. ஆங்கிலத்தில் ‘ஸீ இட்’ என்பது ‘ஸீயிட்’ போலவும், ‘டூ இட்’ என்பது ‘டூவிட்’ போலவும் ஒலிப்பது அதே வழியில்தான். பள்ளியில் படித்த உடம்படுமெய்யை நினைவுபடுத்திக்கொண்டு கேட்டால் பாதி மூட்டம் விலகிவிடும்.

மீதி மூட்டத்துக்குக் காரணம் மெலியும் சொற்கள். ஆங்கிலத்தில் கருத்தைச் சுமக்கும் சொல்லை அழுத்திச் சொல்வார்கள். டு, ஆஃப், அண்ட், கேன், ஹிம், ஹர் போன்றவை சுருங்கிப்போகும். ‘டெல் ஹிம்’ என்பது ‘டெலிம்’. ‘ஐ ஹேவ் டு கோ’ என்பது ‘ஐ ஹேஃப்ட கோ’. இதில் மிகவும் ஏமாற்றுவது ‘கேன்’. ‘ஐ கேன் கோ’ என்று சாதாரணமாகச் சொல்லும்போது ‘கேன்’ கிட்டத்தட்ட ‘க்ன்’ ஆகி, அழுத்தம் ‘கோ’ மேல் விழும். ‘ஐ கேன்ட் கோ’ என்பதில் ‘கேன்ட்’ நீண்டு, அழுத்தமாக ஒலிக்கும். கடைசி ‘ட்’ பல நேரம் காதில் விழவே விழாது. ஆகவே ‘ட்’டைத் தேடாதீர்கள், உயிரொலி முழுசாக இருக்கிறதா என்று கேளுங்கள். முழுசாக இருந்தால் ‘முடியாது’.

பயிற்சிக்கு ஐந்து விநாடித் துண்டு போதும். கேட்டதை அப்படியே காகிதத்தில் எழுதுங்கள், பிடிபடாத இடத்தில் கோடு போடுங்கள். ஐந்து முறை கேட்டும் நிரம்பாவிட்டால் எழுத்தைத் திறந்து பாருங்கள். விட்டுப்போனவை பெரும்பாலும் இந்த மெலியும் சொற்களாகவே இருக்கும். கணினியில் யூட்யூப் வீடியோவை நிறுத்த ‘கே’ பொத்தான், பத்து விநாடி பின்னால் போக ‘ஜே’, ஐந்து விநாடி பின்னால் போக இடது அம்புக்குறி. வேகத்தை 0.75-க்குக் குறைக்கலாம். 0.5-க்குக் கீழே போனால் குரல் இழுபட்டு, இயல்பான ஒட்டுதல் சிதைந்துவிடும். குறைத்துக் கேட்டு முடித்ததும் கடைசியாக ஒருமுறை இயல்பான வேகத்தில் கேட்டே எழுந்திருங்கள்.

கேள்வி: தமிழ் சப்டைட்டில் வைத்துப் பார்க்கலாமா? – இல்லத்தரசி

பதில்: கதை புரிவதற்கு உதவும், ஆங்கிலம் கற்க உதவாது. கண் தமிழைப் படித்துவிடும், காது ஓய்வெடுத்துக்கொள்ளும். ஆங்கில வரிகளே வையுங்கள், அதையும் முதல் இரண்டு முறை மூடிவிட்டு. தானாக உருவாக்கப்பட்ட வரி என்று குறிப்பு இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம், பெயர்களிலும் மெலியும் சொற்களிலும் அது தவறும். எழுத்து வடிவத்தையும் சேர்த்துத் தரும் நிகழ்ச்சிகள் பாதுகாப்பானவை. பிபிசி லேர்னிங் இங்கிலீஷின் ‘சிக்ஸ் மினிட் இங்கிலீஷ்’ அப்படிப்பட்டது.

கேள்வி: வீடியோவில் வரும் சொற்களின் உச்சரிப்பைத் தமிழில் எழுதி வைத்துக்கொள்கிறேன். சரியா? – தையல் பயிற்சியாளர்

பதில்: நினைவூட்டலுக்குச் சரி, அதை மட்டும் நம்பினால் ஆபத்து. ‘பேக்’ என்று எழுதிவிட்டு ஒரு மாதம் கழித்துப் பாருங்கள். அது முதுகா, பையா, மூட்டை கட்டுவதா? ஆங்கிலத்தில் மூன்றும் வேறு வேறு ஒலி, தமிழ் எழுத்தில் மூன்றும் ஒன்றே. ‘வெட்’ என்றால் ஈரமா, விலங்கு மருத்துவரா? ஈரத்துக்கு உதடு குவிய வேண்டும், மருத்துவருக்கு மேல்பல் கீழுதட்டைத் தொட வேண்டும். நம் ‘வ’ இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. எனவே ஆங்கில எழுத்தோடு எழுதி, பக்கத்தில் எந்த அசையை அழுத்துவது என்று மட்டும் கோடிடுங்கள். ‘ஃபோட்டோகிராஃப்’ என்பதில் முதல் அசை, ‘ஃபொடாகிரஃபர்’ என்பதில் இரண்டாவது, ‘ஃபோட்டோகிராஃபிக்’ என்பதில் மூன்றாவது. அழுத்தம் இடம் மாறினால் கேட்பவருக்குச் சொல்லே மாறிவிடும். கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்ஃபோர்டு இணைய அகராதிகளில் ஒலிபெருக்கிக் குறியை அழுத்தினால் பிரிட்டிஷ், அமெரிக்க ஒலி இரண்டும் கேட்கும்.

நம் வாய்க்கு இன்னொரு பழக்கம் உண்டு. தமிழ்ச் சொற்கள் வல்லின மெய்யில் முடிவதில்லை. அதனால் ‘ஹெல்ப்’ என்பது ‘ஹெல்ப்பு’ ஆகிறது, ‘புக்’ என்பது ‘புக்கு’ ஆகிறது. ‘ஸ்டாப்’ சொல்லிவிட்டு உதட்டைத் திறக்காமல் இரண்டு விநாடி மூடியே வைத்திருங்கள். அந்த உகரம் ஒட்ட இடமே இருக்காது. ‘மேப்’, ‘ரைட்’, ‘லுக்’ என்று பத்துச் சொற்களை இப்படிப் பழகினால் ஒரு வாரத்தில் வித்தியாசம் உங்கள் காதுக்கே தெரியும்.

கேள்வி: ‘டோன்ட் யூ லைக் இட்?’ என்று கேட்டார்கள். ‘யெஸ்’ என்றேன். எனக்குப் பிடித்திருப்பதாக நினைத்துவிட்டார்கள். என்ன பிழை? – மென்பொருள் பயிற்சியாளர்

பதில்: தமிழில் ‘பிடிக்கவில்லையா?’ என்றால் ‘ஆமாம், பிடிக்கவில்லை’ என்கிறோம். கேட்டவர் நினைத்தது சரி என்பதற்கான ‘ஆமாம்’ அது. ஆங்கிலத்தில் யெஸ், நோ இரண்டும் கேள்வியைப் பார்ப்பதில்லை, உங்கள் பதில் வாக்கியத்தையே பார்க்கின்றன. பதிலில் ‘நாட்’ இருந்தால் தொடக்கம் ‘நோ’: ‘நோ, ஐ டோன்ட்.’ பிடித்திருந்தால் ‘யெஸ், ஐ டூ.’ குழப்பம் வரும் என்று தோன்றினால் யெஸ், நோ இரண்டையும் விட்டுவிட்டு ‘ஐ டோன்ட் லைக் இட்’ என்று முழு வாக்கியமாகச் சொல்லிவிடுங்கள்.

‘வுட் யூ மைண்ட் வெயிட்டிங்?’ என்பதும் இதே வகைப் பள்ளம். ‘மைண்ட்’ என்றால் இங்கே ஆட்சேபம். ‘காத்திருப்பதில் உங்களுக்கு ஆட்சேபம் உண்டா?’ என்பதற்கு ‘யெஸ்’ சொன்னால் ‘ஆட்சேபம் உண்டு’ என்றாகிவிடும். ‘நாட் அட் ஆல்’ என்பது சம்மதம். வாக்கிய முடிவில் எல்லாவற்றுக்கும் ‘இஸின்ட் இட்’ ஒட்டுவதும் நம் ‘இல்லையா’வின் நேர் மொழிபெயர்ப்புதான். ‘யூ ஆர் கமிங், ஆரின்ட் யூ?’ என்பதே சரி. வாக்கியத்துக்கேற்ப முடிவை மாற்றும் அந்தக் கணக்குப் பழகும்வரை, சகஜமான பேச்சில் ‘யூ ஆர் கமிங், ரைட்?’ என்று முடிக்கலாம். அது எந்த வாக்கியத்தோடும் சேரும்.

கேள்வி: ‘ஐ ஆம் ஃபைன்’ சொல்லாதீர்கள், அது பழசு என்று ஒரு வீடியோ சொல்கிறது. உண்மையா? – பள்ளி ஆசிரியை

பதில்: இல்லை. ‘ஐ ஆம் ஃபைன், தேங்க்ஸ்’ இன்றும் தினசரிப் பேச்சில் இருக்கிறது. ‘இதைச் சொல்லாதே, அதைச் சொல்’ என்ற தலைப்பு கண்ணைப் பிடித்து இழுக்கும், அதற்காகவே பலரும் வைக்கிறார்கள். மெனக்கெட்டுக் கற்ற சரியான தொடரை இதனால் கைவிடுவது வருத்தமான விஷயம். சோதிக்க வழி இருக்கிறது. யூக்ளிஷ் என்ற தளத்தில் ஒரு தொடரைத் தட்டினால், அதை உண்மையாகவே யாரெல்லாம் சொல்கிறார்கள் என்று யூட்யூப் வீடியோக்களின் அந்த விநாடியிலிருந்தே காட்டும். பத்து துண்டுகள் கேளுங்கள். நண்பர்கள் பேசுகிறார்களா, கூட்டத்தில் பேசுகிறார்களா, அல்லது ‘இந்த மரபுத்தொடருக்கு இதுதான் பொருள்’ என்று விளக்குபவர்கள் மட்டுமே சொல்கிறார்களா என்று கவனியுங்கள். ‘ரெயினிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்’ எல்லாருக்கும் புரியும், ஆனால் மழையைப் பார்த்து அப்படிச் சொல்பவர்கள் குறைவு. ‘இட்ஸ் ரெயினிங் ஹார்ட்’ போதும்.

இடம் பொருள் ஏவலும் உண்டு. ‘மை பேட்’ நண்பரிடம் சரி. மேலதிகாரியிடம் ‘ஸாரி, தட் வாஸ் மை மிஸ்டேக்.’ ‘கானா’ (கோயிங் டு), ‘வானா’ (வான்ட் டு) இரண்டும் பேச்சில் இயல்பு, அலுவலக மின்னஞ்சலில் ஆகாது. அட்டையின் மூலையில் யாரிடம் சொல்லலாம் என்று ஒரு சொல் குறித்துவையுங்கள்.

கேள்வி: பேசிப் பழக ஆளே இல்லை. – போட்டித் தேர்வு மாணவர்

பதில்: ஃபோனின் குரல்பதிவு இருக்கிறது. இருபது விநாடித் துண்டை எடுத்து, பேசுபவருக்கு அரைச்சொல் பின்னால் நிழல்போல ஒட்டிக்கொண்டே சொல்லுங்கள். எழுத்தைப் பார்த்து மூன்று முறை, பார்க்காமல் மூன்று முறை. ஏழாவது முறை பதிவு செய்யுங்கள். கேட்கும்போது எல்லாத் தவறையும் திருத்த முயலாதீர்கள். முதல் நாள் அழுத்தம் மட்டும், மறுநாள் ஒட்டுதல் மட்டும். வாரம் ஒருமுறை, எழுதி வைக்காமல், அந்த வாரத்து அட்டைத் தொடர்களில் மூன்றையாவது சேர்த்து ஒரு நிமிடம் பேசிப் பதிவு செய்து தேதியிட்டு வையுங்கள்.

தமிழில் யோசித்து மொழிபெயர்க்கிறேனே என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். அதை வலுக்கட்டாயமாக நிறுத்த முடியாது. சொல்லுக்குச் சொல் மாற்றாமல் தொடருக்குத் தொடர் மாற்றுங்கள். ‘அஞ்சு வருஷமா வேலை பார்க்கிறேன்’ என்பதைச் சொல் சொல்லாக மாற்றினால் ‘ஐ ஆம் ஒர்க்கிங் ஃப்ரம் ஃபைவ் இயர்ஸ்’ என்று வந்துவிடும். ‘வருஷமா’ என்ற அந்த ‘ஆ’ காதில் விழுந்ததுமே ‘ஐ ஹேவ் பீன்… ஃபார்’ என்ற அச்சு முழுதாக எழ வேண்டும்: ‘ஐ ஹேவ் பீன் ஒர்க்கிங் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்.’ ‘ரெண்டு நாளா காய்ச்சல்’, ‘ஒரு மணி நேரமா காத்திருக்கிறேன்’ இரண்டையும் இதே அச்சில் வார்த்துப் பாருங்கள்.

கேள்வி: பிரிட்டிஷா, அமெரிக்கனா? – வாசகர்

பதில்: உங்களுக்கு எந்தப் பேச்சாளரைக் கேட்கப் பிடிக்கிறதோ அது. பேசுவதற்கு ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள், கேட்பதற்கு இரண்டும் பழகட்டும்.

கேள்வி: எதிரில் பேசுபவர் சொல்வது புரியாதபோது திகைத்து நின்றுவிடுகிறேன். அப்போது சொல்ல ஏதாவது இருக்கிறதா? – வாடிக்கையாளர் சேவைப் பணியாளர்

பதில்: இருக்கிறது, இதையே முதல் வாரத்துப் பாடமாக வைத்துக்கொள்ளலாம். காதில் விழவில்லை என்றால் ‘ஸாரி, குட் யூ ஸே தட் அகெய்ன்?’ வேகம் அதிகம் என்றால் ‘குட் யூ ஸ்பீக் எ லிட்டில் மோர் ஸ்லோலி?’ ஒரு சொல் மட்டும் புரியாவிட்டால் அந்தச் சொல்லைத் திருப்பிச் சொல்லி, ‘வாட் டஸ் தட் மீன்?’ பெயரோ முகவரியோ என்றால் ‘ஹௌ டூ யூ ஸ்பெல் தட்?’ புரிந்தது சரியா என்று உறுதி செய்ய ‘ஸோ யூ மீன்…’ என்று தொடங்கி, உங்களுக்குப் புரிந்ததைச் சொல்லுங்கள். பதில் யோசிக்க அவகாசம் வேண்டுமென்றால் ‘லெட் மீ திங்க்’. உடனே பதில் தெரியாவிட்டால் ‘லெட் மீ செக் அண்ட் கெட் பேக் டு யூ.’ ஏழு அட்டைகள், நாளுக்கு ஒன்று. ‘வாட்?’ என்று ஒற்றைச் சொல்லில் கேட்பதை மட்டும் தவிருங்கள், வாடிக்கையாளர் காதில் அது அதட்டலாக விழும்.